வெள்ளை சோல்

அந்தப் படகில் இருந்த மூன்று நாளும் நான் கடலைப் பார்த்ததைவிட மற்றவர்களின் கால்களைப் பார்த்ததுதான் அதிகம். போர்ட் பிளேரிலிருந்து கிளம்பித் தீவு தீவாகச் சுற்றும் படகு அது. வாடகைக்கு எடுத்துக்கொண்டு வருகிறவர்கள் அதிலேயே தூங்கி, அதிலேயே சாப்பிட்டு, தூண்டில் போட்டு மீன் பிடித்து, மூன்று, நான்கு நாள் கழித்துத்தான் கரைக்குத் திரும்புவார்கள். நான் ஊருக்கு வந்ததும் பக்கத்து வீட்டுக்காரி, "கடல் எப்பிடிக்கா இருந்துச்சு?" என்று ஆசையாகக் கேட்டாள். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. யார் எந்தக் காலை எங்கே வைத்தார்கள் என்று கேட்டிருந்தால் மணிவாரியாகச் சொல்லியிருப்பேன்.

நான் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் தரம் பார்க்கும் வேலையில் இருக்கிறேன். வேலூரில் கெமிஸ்ட்ரி படித்து முடித்த கையோடு சேர்ந்தது. பதினேழு வருடமாக அதே லேப், அதே ஜன்னல், அதே நாற்காலி. ஒரு ஜோடி ஷூ கேட்டைத் தாண்ட வேண்டுமென்றால் என் கையெழுத்து வேண்டும். கேட்கப் பெருமையாக இருக்கும். உண்மையில் இது பயந்தவர்களுக்கென்றே ஏற்பட்ட வேலை. நான் பிறவிப் பயந்தாங்கொள்ளி. கேஸை மூடினோமா இல்லையா என்று பாதி வழியில் ஸ்கூட்டியைத் திருப்பிக்கொண்டு வீட்டுக்குப் போகிற ஆள். என் வீட்டுக்காரர் அதை வைத்து என்னைக் கேலி செய்யாத நாள் கிடையாது.

போன வருடம் கம்பெனியில் ஆர்டர் இல்லாமல் ஒரு லைன் நின்றுபோயிருந்தது. லைன் என்றால் வரிசையாகத் தையல் மெஷின்கள், அதில் உட்காரும் முப்பது பெண்கள். பேர்ணாம்பட்டு, மாதனூர் பக்கத்திலிருந்து கம்பெனி பஸ்ஸில் வருகிறவர்கள். அந்தச் சமயத்தில்தான் இந்தப் படகின் சொந்தக்காரர் எங்கள் முதலாளியைப் பிடித்தார். படகில் வேலை செய்கிறவர்களுக்கும் விருந்தாளிகளுக்கும் தோல் ஷூ வேண்டும். படகின் தளம் வெள்ளை நிறம் என்பதால் கறுப்புக் கோடு விழாத வெள்ளை சோல் வேண்டும். முதலில் கொஞ்சம் ஜோடிகள். பிடித்துப்போனால் கோவாவிலும் மாலத்தீவிலும் இதே தொழில் செய்யும் அவருடைய கூட்டாளிகள் எல்லோரும் வாங்குவார்கள். அது நடந்தால் நின்றுபோன லைன் திரும்ப ஓடும். அந்த முப்பது பேருக்கும் இது தெரியும். கேன்டீனில் என்னைப் பார்க்கும்போதெல்லாம், "இன்னாக்கா, கப்பல் ஷூ பாஸாய்டுச்சா?" என்று கேட்பார்கள்.

கடல் என்றதும் எங்கள் கம்பெனியில் எல்லோர் மண்டையிலும் ஓடியது ஒரே சொல்தான்: உப்பு. தோல் ஊர்க்காரர்களுக்கு உப்பு என்றால் அப்படி ஒரு நடுக்கம். பச்சைத்தோல் உப்புப் போட்டுத்தான் வரும். அதைச் சரியாகக் கழுவி எடுக்காவிட்டால் ஷூவாகி ஆறு மாதம் கழித்து மேலே வெள்ளையாகப் பூக்கும், மொத்தமும் திரும்பி வரும். அதனால் இந்த ஷூவின் மேல்தோலைப் பத்து நாள் உப்புத் தண்ணீரில் ஊறப்போட்டேன். வெயிலில் காயவைத்தேன். மறுபடி ஊறப்போட்டேன். துணியால் நூறு தடவை தேய்த்தேன். சாயம் போகவில்லை, பூக்கவில்லை, வெடிக்கவில்லை. முதலாளி அதைக் கையில் வாங்கித் தடவிப் பார்த்துவிட்டு, "மாஷா அல்லா" என்றார்.

சோலை யாரும் தடவிப் பார்க்கவில்லை. அது ராணிப்பேட்டைப் பக்கம் ஒரு ரப்பர் யூனிட்டிலிருந்து வருகிறது. தோல்காரர்களுக்கு ஷூ என்றால் மேல்தோல். அடியில் இருப்பது வெளியிலிருந்து வாங்கி ஒட்டுகிற சரக்கு. வழுக்குமா என்று பார்க்கச் சென்னைக்கு அனுப்பினால் ரிசல்ட் வர நாளாகும். அதனால் லேபிலேயே ஒரு பலகையில் பாத்ரூம் டைல்ஸ் ஒட்டி, சாய்த்து நிறுத்தி, ஷூவுக்குள் எடைக்கல் வைத்து, போர் தண்ணீரை ஊற்றிப் பார்த்தேன். ஷூ நகரவில்லை. "கடல் தண்ணில பாக்க வேணாமா சார்?" என்று ஒரு வார்த்தை கேட்டேன். முதலாளி சிரித்தார். "நம்ம போர் தண்ணிய வாயில ஊத்திப் பாரு. அதவிட கடல் இன்னா ஜாஸ்தி உப்பு?" என்றார். நானும் சிரித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டேன். பத்து நாள் மேல்தோலுக்கு, பத்து நிமிடம் சோலுக்கு. அப்போது அது தவறாகவே படவில்லை.

ஷூக்கள் போய்ச் சேர்ந்து மூன்று வாரத்தில் படகுக்காரரிடமிருந்து அழைப்பு வந்தது. செய்தவர்களில் ஒருவர் படகில் வந்து இருந்து பார்க்கட்டும், பார்த்து எழுதிக் கொடுக்கட்டும், அதை வைத்துக் கூட்டாளிகளிடம் பேசுகிறேன் என்றார். முதலாளி என் பக்கம் கையைக் காட்டிவிட்டார். "எனக்குப் பஸ்ஸுல ஜன்னல் சீட்டு இல்லன்னாவே வாந்தி வரும். நீ போய்ட்டு வந்துடும்மா."

எனக்கு நீச்சல் தெரியாது. பாலாற்றங்கரையில் பிறந்து வளர்ந்தவள் என்று பேர். நான் பார்த்த பாலாற்றில் பெரும்பாலும் மணல்தான் இருந்தது. ஒரு வருடம் வெள்ளம் வந்தபோது ஊரே பாலத்தில் நின்று வேடிக்கை பார்த்தது, நான் அதையும் வீட்டு மாடியிலிருந்துதான் பார்த்தேன். கிளம்புகிற அன்று வீட்டுக்காரர் பெட்டியைத் தூக்கிக் கொடுத்து, "கேஸ நான் மூடிக்கிறேன், நீ கடல்ல விழாம வா" என்றார்.

காலை எட்டு மணிக்குப் படகில் ஏறினேன். வெள்ளைவெளேர் என்று, எங்கள் வீட்டைவிடச் சுத்தமாக இருந்தது. கீழே நான்கு அறைகள், நடுவில் சமையல்கட்டு, பின்பக்கம் மீன் பிடிக்கத் திறந்த தளம். தளத்தின் கடைசியில் மீனை இழுத்துப் போடுவதற்கென்று சின்னக் கதவு. விருந்தாளிகள் பெங்களூரிலிருந்து வந்த அண்ணன் தம்பி இருவர். வேலையாட்கள் நான்கு பேர்: கேப்டன், சமையல்காரர், இன்ஜினையும் கயிறுகளையும் பார்த்துக்கொள்ள இருவர். நான்கு பேர் காலிலும் எங்கள் ஷூ. பழுப்புத் தோலும் வெள்ளை சோலும் அந்த வெயிலில் பளபளத்தன. அதைப் பார்த்ததும் எனக்குப் பயமெல்லாம் பறந்துவிட்டது. போட்டோ எடுத்து முதலாளிக்கு அனுப்பினேன். அவர் மூன்று கட்டைவிரல் அனுப்பினார்.

பறந்த பயம் மதியத்துக்குள் திரும்பி வந்தது. தம்பிக்காரர் தூண்டிலில் ஒரு பாரை மாட்டியது. பெரிய மீன் இல்லை. அதைத் தளத்தில் இழுத்துப் போட்டபோது படபடவென்று அடித்துக்கொண்டது. ரத்தமும் அதன் உடம்பின் வழவழப்பும் தளமெங்கும் பரவின. நான் கிட்டே போய்ப் பார்க்கலாமென்று ஓர் அடி வைத்தேன். என் கால் என்னைக் கேட்காமல் போனது. கம்பியைப் பிடித்துக்கொண்டதால் விழவில்லை. யாரும் கவனிக்கவில்லை, எல்லோரும் மீனோடு போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

என் காலிலும் எங்கள் ஷூதான். எல்லோரும் சாப்பிடப் போன பிறகு நான் மட்டும் தளத்தில் நின்று, கம்பியைப் பிடித்தபடி, கால் நுனியை அழுத்தித் திருப்பிப் பார்த்தேன். வெறும் தண்ணீர் இருந்த இடத்தில் சோல் நன்றாகப் பிடித்தது. மீன் கிடந்த இடத்தில் சோப்பை மிதித்தது போல வழுக்கியது. நான்கு தடவை பார்த்தேன். நான்கு தடவையும் அதேதான். தளத்தில் கோடு விழக்கூடாது என்று கேட்டதற்காக அந்த வெள்ளை ரப்பரைக் கெட்டியாகச் செய்திருக்கிறார்கள். மீன் எண்ணெய் பட்டால் அதற்குப் பிடிமானமே இல்லை. மீன் பிடிக்கிற படகுக்குச் செய்த ஷூவில் மீனைத் தவிர எல்லாவற்றையும் சோதித்திருக்கிறேன்.  

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சமையல்கட்டுக்குப் போய், "அண்ணா, எல்லாரும் இந்த ஷூவ கழட்டிடுங்க" என்று சொல்ல அரை நிமிடம் போதும். நான் அறைக்குள் போய்க் கட்டிலில் உட்கார்ந்து காரணம் தேடினேன். இவர்கள் கடலிலேயே கிடக்கிறவர்கள். வழுக்கினால் இவர்களே சொல்லியிருக்க மாட்டார்களா? மூன்று வாரத்துக்கும் மேலாகப் போட்டுக்கொண்டு இருக்கிறார்கள், ஒன்றும் ஆகவில்லையே? நான் நடக்கத் தெரியாமல் நடந்திருக்கலாம். நான் வாயைத் திறந்தால் லைன் ஓடாது; முப்பது பேர் முகத்தில் எப்படி முழிப்பது? ஊருக்குப் போய்ச் சத்தமில்லாமல் சோலை மாற்றச் சொல்லிவிட்டால் ஆயிற்று. இப்படி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினேன். பயந்தவர்களுக்குக் காரணம் கிடைப்பதா கஷ்டம்.

சொல்லவில்லையே தவிர, சும்மா இருக்கவும் முடியவில்லை. மறுநாள் காலையிலிருந்து ஒரு வாளியை எடுத்துக்கொண்டேன். ஒவ்வொரு மீனும் தளத்தில் விழுந்ததும் நான் ஓடிப்போய்க் கடல் தண்ணீரை மொண்டு ஊற்றினேன். பிரஷ் போட்டுத் தேய்த்தேன். கயிற்றுக்காரர்கள் தடுத்தும் விடவில்லை. பெங்களூர் அண்ணன் என்னைப் பார்த்துச் சிரித்து, மேடத்துக்குச் சுத்தம் ரொம்ப முக்கியம் போலிருக்கிறது என்று தன் தம்பியிடம் ஆங்கிலத்தில் சொன்னார். சொல்லிக்கொள் என்று விட்டுவிட்டேன். தேய்க்கத் தேய்க்கப் பிசுபிசுப்பு போனமாதிரி இருக்கும், காய்ந்ததும் மறுபடி தெரியும்.

சமையல்காரருக்கு ஐம்பது வயதிருக்கும். பெற்றோர் ராமநாதபுரம் பக்கத்திலிருந்து போர்ட் பிளேருக்குப் போய் அங்கேயே தங்கிவிட்டவர்கள். எனக்கு வாந்தி வருகிறதென்று நினைத்துச் சுக்குத் தண்ணீர் போட்டுக்கொண்டு வந்தார்.

"ஆம்பூருன்னா பிரியாணிதானே மேடம்?"

"ஷூவும்தான்" என்றேன் கொஞ்சம் கடுப்பாக. எங்கே போனாலும் இதே கேள்வி.

அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பில் தைரியம் வந்து, பட்டும் படாமலும் கேட்டேன். "ஷூ எப்பிடிண்ணா இருக்கு? எங்கயாச்சும் வழுக்குதா?"

அவர் கேப்டன் நின்ற பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். பிறகு, "அதெல்லாம் ஒண்ணும் இல்ல மேடம். அருமையா இருக்கு" என்றார்.

எனக்கு அது போதுமானதாக இருந்தது. படகுக்காரருக்கு எழுதிக் கொடுக்க வேண்டிய படிவத்தைப் பையிலிருந்து எடுத்து, பணியாளர்களுக்குத் திருப்தி என்று எழுதினேன். எழுதிய பேனாவை மூடுவதற்குள் அவர் தளத்தைக் கடந்து போனதைப் பார்த்தேன். ஒரு கை தட்டில், இன்னொரு கை கம்பியில். பாதத்தைத் தூக்கி வைக்காமல் தளத்தோடு தேய்த்துத் தேய்த்து நடந்தார். மற்றவர்களையும் பார்த்தேன். எல்லோரும் அப்படித்தான் நடந்தார்கள். ஆடுகிற படகில் அப்படித்தான் நடப்பார்கள் போலிருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அன்றைக்கு முழுவதும் யாராவது தளத்தில் வேகமாக நடந்தால் என் கால்விரல்கள் ஷூவுக்குள் மடங்கிக்கொள்ளும்.

மூன்றாம் நாள் கரைக்குத் திரும்பும் வழியில், காலை பதினோரு மணி இருக்கும், அண்ணன்காரரின் தூண்டிலில் ஏதோ பெரிதாக மாட்டியது. முக்கால் மணி நேரம் போராடினார்கள். ஒரு வழியாக மீன் பின்பக்கக் கதவருகே வந்தபோது, கொக்கி போட்டு இழுக்க ஆள் போதவில்லை. சமையல்காரர் அடுப்பை அணைத்துவிட்டு ஓடி வந்தார். நான் வாளியோடு எழுந்தேன். அதற்கு முன்பு பிடித்த மீனின் வழவழப்பு இன்னும் அங்கே இருந்தது. அதை நான் கழுவி முடித்திருக்கவில்லை. ஓர் அலை படகைப் பக்கவாட்டில் தூக்கியது.

அவர் இரண்டு காலும் ஒன்றாகப் போய் மல்லாக்க விழுந்தார். விழுந்த இடத்தில் நிற்கவில்லை, சறுக்கிக்கொண்டே போனார். திறந்திருந்த கதவு வழியாக இடுப்பு வரைக்கும் வெளியே போய்விட்டது. கயிற்றுக்காரர் ஒருவர் மீனை விட்டுவிட்டு அவர் சட்டைக் காலரைப் பிடித்தார். கேப்டன் இன்ஜினை நிறுத்தினார். நான் அலறினேன் என்று பிறகு சொன்னார்கள், எனக்கு நினைவில்லை. உள்ளே இழுத்துப் போட்டபோது அவருடைய வலது மணிக்கட்டு இருக்கக் கூடாத கோணத்தில் இருந்தது. எல்லோரும் அந்தக் கையைத்தான் பார்த்தார்கள். நான் முதலில் பார்த்தது அவருடைய ஷூவின் அடியை. வெள்ளை சோலில் மீன் செதில்கள் ஒட்டியிருந்தன.

"ஷூவ கழட்டுங்க! எல்லாரும் கழட்டுங்க!" என்று கத்தினேன். எங்கள் ஊர்ப் பேச்சில், என் அம்மா குழாயடியில் கத்துகிற குரலில். கேப்டனிலிருந்து எல்லோரும் ஒரு நொடியில் கழற்றி மூலையில் வீசினார்கள். ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை.

கரையில் படகுக்காரர் ஆம்புலன்ஸோடு காத்திருந்தார். சமையல்காரர் ஸ்ட்ரெச்சரில் படுத்தபடியே, தன் கவனக்குறைவு, அவசரத்தில் கால் வைத்துவிட்டேன் என்று அவரிடம் இந்தியில் சொன்னார். படகுக்காரர் என்னிடம் திரும்பி, ஷூவில் பிரச்சினை ஒன்றும் இல்லையே என்று கேட்டார். இல்லை என்று சொன்னால் எல்லாம் அங்கேயே முடிந்துவிடும். அவர் முகத்தில் அந்த ஆசைதான் இருந்தது. ஸ்ட்ரெச்சர் ஆம்புலன்ஸுக்குள் போகும் வரை பார்த்தேன். பிறகு, "ஷூதான் சார் காரணம்" என்றேன். "மீன் பட்டால் இந்த சோல் வழுக்கும். நான் சரியாக டெஸ்ட் பண்ணவில்லை. யாரும் இதைப் போட வேண்டாம்." எழுதி வைத்திருந்த படிவத்தை அவர் எதிரிலேயே கிழித்தேன்.

அவர் அங்கேயே நின்று எங்கள் முதலாளிக்குப் போன் போட்டார். கொஞ்ச நேரத்தில் போன் என் கைக்கு வந்தது.

"அந்தாளே அவன் தப்புன்னு சொல்லிக்கினான்ல? உன்ன யாரு வாயத் திறக்கச் சொன்னது?" என்றார் முதலாளி. பதினேழு வருடத்தில் என்னிடம் அவர் குரலை உயர்த்தியது அதுதான் முதல் தடவை. "அந்த லைன் பொண்ணுங்களுக்கு நீயே பதில் சொல்லு. என்னைப் பேஜார் பண்ணாத."

சொன்னேன். ஊருக்கு வந்த மறுநாளே கேன்டீனில் நின்று, ஷூ வழுக்கி ஆள் விழுந்ததையும் ஆர்டர் போனதையும் சொன்னேன். அந்த லைன் அதற்குப் பிறகு ஓடவே இல்லை. பாதிப் பேர் வாணியம்பாடிப் பக்கம் வேறு கம்பெனிக்குப் போய்விட்டார்கள். சிலர் வீட்டில் இருக்கிறார்கள். கடைத்தெருவில் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறவர்கள் இரண்டு பேர் உண்டு. ஆனால் கம்பெனியில் பெரும்பாலானவர்கள் என்னை ரொம்ப நேர்மையானவள் என்கிறார்கள். புதிதாகச் சேர்கிறவர்களுக்கு இந்தக் கதையைச் சொல்கிறார்கள். முதலாளியே ஆறு மாதம் கழித்து, வெளியூரிலிருந்து வந்த ஒருவரிடம் என்னைக் காட்டி, "இந்தம்மா கையெழுத்துப் போட்டா கண்ண மூடிக்கினு வாங்கலாம்" என்றார். நான் கழிவறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன்.

ஏனென்றால் அவர்களுக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது.

ஊருக்குத் திரும்புகிற அன்று, விமானத்துக்கு இரண்டு மணி நேரம் இருக்கையில், ஆஸ்பத்திரிக்குப் போனேன். சமையல்காரர் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். வலது கை முழங்கை வரைக்கும் மாவுக்கட்டு. கை பழையபடி கரண்டி பிடிக்குமா என்று டாக்டர் இன்னும் சொல்லவில்லையாம். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தார்; நான் தடுத்தேன்.

"ஓனர்ட்ட நீங்க சொன்னத கேப்டன் சொன்னாரு மேடம். பெரிய மனசு" என்றார். "நாங்க அந்த ஷூவ மொத வாரத்துலயே கழட்டி உள்ள வச்சிட்டோம். வெறுங்காலோடதான் இருந்தோம். செஞ்சவங்களே ஆம்பூர்லருந்து வர்றாங்க, ஆசையா வர்றாங்க, காலுல இல்லன்னா மனசு சங்கடப்படுமேன்னு, நீங்க வர்ற அன்னைக்குக் காலைல எல்லாரும் எடுத்துப் போட்டுக்கிட்டோம். மூணு நாளுதானேன்னு பாத்தோம்."

நான் தலையைக் குனிந்துகொண்டு வாங்கிப்போயிருந்த சாத்துக்குடிகளில் ஒன்றை எடுத்து உரிக்க ஆரம்பித்தேன். அந்த மூன்று நாளும் எனக்காக அவர்கள் பயந்து பயந்து நடந்திருக்கிறார்கள். அதைப் பார்த்து நானும் பயந்துகொண்டே உட்கார்ந்திருக்கிறேன். யாராவது ஒருவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அவர்கள் சொல்லாமல் இருந்தது மரியாதைக்காக. நான் சொல்லாமல் இருந்ததற்கு அப்படி நல்ல பெயர் எதுவும் இல்லை.

"உங்களுக்கு எப்ப மேடம் தெரிஞ்சது, வழுக்குதுன்னு?" என்று கேட்டார். குற்றம் கண்டுபிடிக்கிற கேள்வி இல்லை. சும்மா, பேச்சு வாக்கில் கேட்டதுதான்.

முந்தின நாள் படகுக்காரரிடம் உண்மையைச் சொன்ன அதே வாய்தான்.

"நீங்க விழுந்தீங்களே, அப்பதாண்ணா" என்றேன்.

"அதானே" என்றார் அவர். "மொதல்லயே தெரிஞ்சிருந்தா நீங்க சொல்லியிருப்பீங்க."

உரித்த சுளைகளை அவருடைய இடது கையில் வைத்தேன். அந்தக் கை பழக்கமில்லாததால் ஒரு சுளை போர்வையில் விழுந்தது. நான் எடுத்துக் கொடுத்தேன். அவர் நன்றி சொல்லிவிட்டு மெதுவாகச் சாப்பிட்டார்.